ராஜினாமா எழுதிக் கொடுக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸைச் சாத்தும் நேரத்தில் ஓர் அம்மா வந்தார். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் ஓவர்லாக் டைலர். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் இ.எஸ்.ஐ. கார்டு, ஆதார், நகை அடகு வைத்த சீட்டு, நான்காக மடித்த ஒரு தாள். தாளைப் பிரித்தேன். முழுக்க ஆங்கிலம், கம்ப்யூட்டரில் அடித்தது. பேரும் தேதியும் கையெழுத்தும் மட்டும் நீல மையில். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது.

"இதுல என்ன இருக்குன்னு படிச்சுப் பார்த்தீங்களாம்மா?"

"பி.எஃப். பணம் வரோணும்னா இதுல கையெழுத்துப் போடோணும்னு சொன்னாங்க சார்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபின் இங்கே பல கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது, ஷிப்டு குறைந்தது, ஆட்களையும் குறைத்தார்கள். அதிலிருந்து என் மேஜைக்கு இதே மாதிரித் தாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைதான் எனக்குத் தொழில். கம்பெனிகளுக்கும் பார்க்கிறேன், தொழிலாளர்களுக்கும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

பி.எஃப். பணத்துக்கும் ராஜினாமாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்களாக விலகினாலும் சரி, அவர்கள் நிறுத்தினாலும் சரி, ஒழுங்கு நடவடிக்கை எடுத்து வெளியே அனுப்பினாலும் சரி, அது உங்கள் பெயரில் இருக்கிற பணம். உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம், கம்பெனி தன் பங்காகக் கட்டியது, இரண்டும் வைப்பு நிதி நிறுவனத்திடம் இருக்கின்றன, முதலாளியின் பீரோவில் இல்லை. அதை நிறுத்தி வைக்க எந்த ஹெச்.ஆருக்கும் அதிகாரம் கிடையாது. யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் இணைந்திருந்தால் கம்பெனி கையெழுத்தே தேவையில்லாமல் ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வேலையை விட்ட தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தடிக்கிறார்களா? கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியையும் நீங்களே பதிந்துகொள்ள முடியும்.

கிராஜுவிட்டியும், அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடையும், அப்படித்தான். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், விலகினாலும் நிறுத்தினாலும் அது வந்தாக வேண்டும். நாலு வருடமும் ஐந்தாம் வருடத்தில் 240 நாளும் ஆகியிருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'பீஸ் ரேட் ஆளுக்கு (உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு) கிராஜுவிட்டி கிடையாது' என்பது சுத்தப் பொய். பீஸ் ரேட்காரருக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இந்த அம்மாவின் கணக்கையே பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஒன்பது வருடத்துக்கு 67,500 ரூபாய். அவர் கையில் கொடுத்தது 20,000. அதை வாங்கிக்கொண்டு 'பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சரி, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் என்னதான் போகும்? ஆட்குறைப்புக்கு ஆளானவர் ஒரு வருடம் வேலை செய்தவராக இருந்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். அதோடு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. இது கிராஜுவிட்டிக்கு மேல் தனியாக வருவது. நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பணம் மொத்தமும் போய்விடும். அந்தத் தாளை உங்களிடம் நீட்டுவதற்கு வேறு காரணமே இல்லை. பி.எஃப். என்று சொல்வது உங்களைக் கையெழுத்துப் போட வைக்கத்தான்.

ஆபீஸ் வேலை, ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் ரிலீவிங் லெட்டர் நல்லபடியாக வேண்டுமே என்ற பயத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அப்படியானாலும் எவ்வளவு தொகை, எந்தெந்த இனத்துக்கு, எந்தத் தேதியில் என்பதை மின்னஞ்சலில் வாங்கிய பிறகு எழுதுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலையை விட்டு நின்றவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்பதும் இருக்கிறது. கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அன்றைக்கோ மறுநாளோ, கட்டாயத்தின் பேரில் வாங்கினார்கள் என்று கம்பெனிக்கு எழுதி, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீரவில்லை என்றால் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தொழிலகத் தொழிலாளி என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நாள் போகப் போக, கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிப்பது கஷ்டம். நாலு மாதம் கழித்து என்னிடம் வந்தால் நானும் பாதிதான் உதவ முடியும்.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி மட்டும்தான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். வேலை போனால் பணமும் உண்டு. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், 2018 ஜூலையில் வந்தது. வேலை போய் 30 நாள் ஆன பிறகு, உங்கள் சராசரி நாள் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரைக்கும். நாளுக்கு 500 ரூபாய் என்றால் 22,500 கிடைக்கும். ஆயுளில் ஒரு முறைதான். இரண்டு வருடமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கெடுவை நீட்டித்து நீட்டித்து நடத்திவரும் திட்டம் இது. அதனால் கிளை அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் போனவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் இது கிடையாது. மறுபடியும் அந்த ராஜினாமாத் தாள் எங்கே வந்து குறுக்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஆலையை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போயிருந்தால் 2005-லிருந்து இன்னொரு திட்டமும் இருக்கிறது, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு. ஆட்குறைப்பு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் இது நடக்கும்.

வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. வைத்தியமும் நின்றுவிடும் என்று நினைத்து, சர்க்கரை மாத்திரையை மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். மனசு கேட்பதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உண்டு. கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் ஆதாரோடு எந்த செல்போன் எண் இருக்கிறதோ அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யுங்கள். வேலை போனதும் எல்லோரும் முதலில் மிச்சம் பிடிப்பது ரீசார்ஜில்தான். அந்த எண் செத்துப்போனால் ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. இல்லாமல் பி.எஃப்.பும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை. கம்பெனி கொடுத்த சிம்மை இணைத்து வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே எண்ணை மாற்றிவிடுங்கள். அப்புறம் நம் ஊர் இனிஷியல் தொல்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பி.எஃப்.பில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், உடனே விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வேலையில் இருக்கும்போதே இதைச் சரி செய்து வைத்தால் ஒரு நாள் வேலை. போன பிறகு என்றால் மாதக்கணக்கில் அலைச்சல். கமிஷன் கேட்கும் ஏஜென்டிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பி.எஃப். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. புரியவில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி பி.எஃப். அதிகாரிகள் மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறார்கள், அங்கே போங்கள்.

பணம் எடுக்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் துடைத்து எடுக்கவும் வேண்டாம். வேலையை விட்டால் வட்டி நின்றுவிடும் என்பதும் தப்பு, கணக்கில் கிடக்கிற பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 2024-25-க்கு 8.25 சதவீதம். முன்பெல்லாம் ஒரு மாதத்தில் 75 சதவீதம், இரண்டு மாதத்தில் முழுத் தொகை என்று இருந்தது. உடனே 75 சதவீதம், முழுத் தொகைக்கு 12 மாதம், கம்பெனி பங்கிலிருந்து பென்ஷனுக்கென்று ஒதுக்கிய பணத்துக்கு 36 மாதம் என்று மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப்.பின் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. என்னைக் கேட்டால் பென்ஷன் பணத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். பத்து வருடச் சேவை சேர்ந்தால் 58 வயதில் மாதா மாதம் வரும். முந்தைய கம்பெனிக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியிருக்கலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை தருவார்களே என்று கேட்டு வருகிறவர்களுக்கு: அது பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். வேலை போனவருக்கானது அல்ல. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு வேறு விஷயம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இறங்கிவிட்டால் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

கடன் ஆப் பக்கம் போகவே போகாதீர்கள். இந்த அம்மா மகனின் காலேஜ் ஃபீஸுக்காக ஓர் ஆப்பில் வாங்கினார். ஏழாம் நாள், அவர் போனில் இருந்த அத்தனை பேருக்கும் மார்ஃபிங் செய்த படம் போய்விட்டது. மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்படாமல் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். வண்டிக் கடன், வீட்டுக் கடன் தவணை இருந்தால் செக் திரும்புவதற்கு முன்பே வங்கி மேனேஜரைப் போய்ப் பாருங்கள். 90 நாள் தவறிய பிறகு அது வாராக்கடன், அப்புறம் பேசுவதற்கு அவர் கையிலும் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. வீட்டில் சொல்லுங்கள். காலையில் டிஃபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுப் போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார். என்னிடம் வந்தபோது அவர் அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரமே பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். மனசு தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மாவுக்கு கிராஜுவிட்டி மனு எழுதிவிட்டோம். வாங்கிய 20,000 எந்தக் கணக்கில் கொடுத்தது என்று கம்பெனி பதில் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. விண்ணப்பத்துக்கு நாளைக்குக் கிளை அலுவலகம் போகிறார். ஆதாரில் இருந்த எண்ணின் சிம் மகனின் பழைய போனில் கிடைத்தது, ரீசார்ஜ் செய்தாயிற்று.