"எல்லாம் வெளிவேசம்" என்று சொல்பவர்களுக்கு

"எல்லாம் வெளிவேசம். ஒருத்தரும் மனசு விட்டுக் கதைக்கினம் இல்லை." உளவளத்துணைக்கு வருகிறவர்கள் கதிரையில் இருந்து பத்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். கொழும்பில், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவரும் சொல்கிறார். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பொடியனும் சொல்கிறான். பம்பலப்பிட்டியில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் அம்மாவும் சொல்கிறார். மற்றவர்கள் எல்லோரும் மேலோட்டமானவர்கள், சொல்கிறவர் மட்டும் ஆழமானவர். ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுக்குள் இருக்கும் இரண்டு பேர், ஒருவரைப் பற்றி மற்றவர் இதே வசனத்தைச் சொல்லிப் புழுங்கிக்கொண்டிருக்கலாம் என்று யாருமே யோசிப்பதில்லை. கேட்டுக் கேட்டு, இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"ஆழமில்லாத ஆட்கள்" என்று ஒரு தனி வகை இந்த நகரத்தில் முளைத்துவிடவில்லை. உங்களுக்கும் அவருக்கும் இடையில் கிடைத்தது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை அவருடைய குணம் என்று நீங்கள் எழுதி வைத்துவிடுகிறீர்கள்.

தொடர்மாடி லிஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் மீன் பை. மற்றவர் தோளில் பிள்ளையின் ரியூசன் பை, பக்கத்தில் பிள்ளை. "எப்படி, சுகமே?" "ஓம், இருக்கிறம்." ஆறாம் மாடியில் கதவு திறக்கிறது. மீன் பையோடு நின்றவருக்கு அன்று காலையில்தான் மனைவியின் ஸ்கேன் அறிக்கை கிடைத்திருக்கலாம். அதை அந்த இடத்தில், ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? சிரித்துவிட்டு இறங்கிப் போகிறார். மற்றவர் வீட்டுக்குள் போய், "இவையள் எல்லாம் சும்மா சிரிப்புத்தான்" என்கிறார். தானும் அதே சிரிப்பைத்தான் சிரித்தோம் என்பது அவருக்கு உறைக்காது. தன் சிரிப்புக்குப் பின்னால் இருந்த தலையிடி அவருக்குத் தெரியும். எதிரே நின்றவருடையது தெரியாது. சூழ்நிலையைப் பாராமல் குணத்தையே காரணமாக்கும் இந்தப் பிழையை உளவியலாளர் லீ றொஸ் 1977இல் "அடிப்படைப் பிழை" என்றே அழைத்தார். படித்தவர், படிக்காதவர் என்று இதில் பேதம் கிடையாது.

அவசரம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு போதும். ஜோன் டார்லி, டானியல் பாற்சன் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ப் பேச வேண்டியிருந்ததே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியன் கதையைப் பற்றித்தான். போகிற வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு சரிந்து கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 வீதமானோர் உதவ முன்வந்தார்கள். பிந்திவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 வீதம் மட்டுமே. நாளைய போதகர்களின் நிலையே இதுவென்றால், காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, காலி வீதியில் 101 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கோட்டைக்குப் போகிறவர் உங்களைப் பார்த்துத் தலையாட்டியதே பெரிது.

போன் வந்துதான் எல்லாம் கெட்டது என்பவர்களுக்கு ஒரு வரி: பெருநகரத்து மனிதர்களின் பட்டும்படாத மனநிலையைப் பற்றி ஜேர்மன் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1903இலேயே எழுதிவிட்டார். போன் அதைக் கூட்டியிருக்கிறது, தொடக்கி வைக்கவில்லை.

இனி மணிக்கணக்கு. நெருக்கம் என்பது மணித்தியாலத்தில் அளக்கக்கூடிய விடயம் என்று சொன்னால் பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் கேளுங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல், புது இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களை வைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90. நெருங்கிய நண்பராக 200க்கு மேல். அதிலும், சேர்ந்து வேலை செய்த நேரத்துக்குப் பெரிய பலன் இல்லை. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பத்து நிமிடம் கதைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிழமையும் தவறாமல் போனாலும் வருடத்துக்கு எட்டு மணி நாற்பது நிமிடம்தான். 50ஐத் தொட ஆறு வருடம், 200ஐத் தொட இருபத்து மூன்று வருடம். பிறகு, "பத்து வருடமாகத் தெரியும், ஆனால் மனசு விட்டுக் கதைக்கமாட்டார்" என்று குறைப்படுவதில் என்ன நியாயம்? பத்து வருடமாக உங்களுக்கு அவருடைய முகம் தெரியும், அவ்வளவுதான்.

2022ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசையை நினைத்துப் பாருங்கள். முன்பின் பேசாதவர்கள் ஒரே பிளேன்ரீயைப் பகிர்ந்தார்கள், அடகு வைத்த நகையைப் பற்றிச் சொன்னார்கள், மகனின் விசாவைப் பற்றிச் சொன்னார்கள். பெற்றோலை அளந்து கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது, வரிசை குறைந்தது, அதே ஆட்கள் பழையபடி "சுகமே" என்பதோடு நின்றுகொண்டார்கள். ஆட்கள் மாறவில்லை. வேறு வேலையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அந்த மணித்தியாலங்கள்தான் போய்விட்டன.

கொழும்புத் தமிழரிடம் இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். வாயைத் திறக்காமல் இருப்பதை இங்கே ஒரு தலைமுறை பாதுகாப்புக்காகப் படித்தது. போர் நடந்த, யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த காலம் அது. 2007 ஜூன் மாதம் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பியபோது, உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்த நாட்களில் "எந்த ஊர்? ஏன் வந்தனீங்கள்?" என்பது சுகம் விசாரிக்கும் கேள்வியாகவா இருந்தது? அப்படி வளர்ந்தவர் இன்றைக்கும் வெளியாட்களிடம் காலநிலையையும் மரக்கறி விலையையும் மட்டும் கதைத்தால், அது வடு. தயவுசெய்து அதற்கு வெளிவேசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

போதாததற்கு நாங்களே கேள்விகளைக் கெடுத்து வைத்திருக்கிறோம். "எந்த ஊர், எந்தப் பகுதி?" என்பதற்குள் சாதி ஒளிந்திருப்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். "இன்னும் கலியாணம் சரிவரேல்லையோ?" "விசேசம் ஒண்டும் இல்லையோ?" "மகன் என்ன ரிசல்ட்?" இவையெல்லாம் அக்கறை என்றுதான் கேட்கிறவர் நினைக்கிறார். கேட்கப்பட்டவர் அடுத்த முறை வீதியின் மறுபக்கத்தால் போகிறார்.

அதைவிட மோசம் கதை காவுவது. ஒருவர் தயங்கித் தயங்கி, மகள் மாத்திரை எடுக்கிற விடயத்தை உங்களிடம் சொல்கிறார். அன்றிரவே நீங்கள் தங்கச்சிக்கு வட்ஸ்அப் எடுக்கிறீர்கள், "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்ற முன்னுரையோடு. இரண்டு நாளில் ரொறன்ரோவில் இருக்கும் மாமி அந்தத் தாயை அழைத்து ஆறுதல் சொல்கிறா. அந்தத் தாய் இனி வாழ்நாளில் யாருக்காவது எதையாவது சொல்வாரா? ஒருவரின் ஆழத்தை மூடிவிட்ட கையாலேயே, "ஆட்களிடம் ஆழமில்லை" என்று எழுதாதீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே பாதி முறைப்பாடு குறையும்.

என்ன செய்யலாம்? முதலாவது கேள்விக்கு எப்போதும் மூடி போட்ட பதில்தான் வரும். "அம்மா எப்படி?" என்றால் "பரவாயில்லை." அங்கே நிறுத்திவிடுகிறோம். அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு, சின்னதாக, நடைமுறையானதாக அடுத்ததைக் கேளுங்கள். "இரவில ஆர் பக்கத்தில படுக்கிறது?" இதற்கு "பரவாயில்லை" என்று பதில் சொல்ல முடியாது. "நான்தான். ரெண்டு மணிக்கு எழும்பிடுவா" என்பார். மூன்றாவது கேள்வியில், "அப்ப உங்களுக்கு நித்திரை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்லும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. பழக்கப்பட்ட பதில் அந்த வேகத்தில் வரும். உள்ளே இருப்பது வெளியே வர மூன்று நொடி, நாலு நொடி எடுக்கும். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல், "எல்லாம் சரிவரும், கடவுள் இருக்கிறார்" என்று நீங்கள் இட்டு நிரப்பினால் கதை அங்கேயே முடிந்தது.

புத்திமதி சொல்லாதீர்கள், கேட்டாலொழிய. "எனக்கும் இப்படித்தான்" என்று பறித்துக்கொண்டும் ஓடாதீர்கள். போனை மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது, பைக்குள் போடுங்கள். நேருக்கு நேர் இருந்து கண்ணைப் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுகிறவர்களோடு, குறிப்பாக ஆண்களோடும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடும், வெள்ளவத்தைக் கடற்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு கதையுங்கள். "ஒருநாளைக்கு வாங்கோ" என்பது அழைப்பே அல்ல. "ஞாயிறு நாலு மணிக்கு ரீ குடிக்க வாங்கோ" என்று சொல்லுங்கள். கந்தோரில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சுருக்கமாகக் கதைக்கிறவரை, அவருடைய சொந்த மொழியில் ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். வேறு ஆளாக இருப்பார்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஆழம் வேண்டும் என்ற தவிப்பில், முதல் நாளே விவாகரத்து, கடன், அப்பாவின் குடி என்று முழுவதையும் கொட்டிவிட்டு, கேட்டவர் பின்வாங்கியதும், "பார்த்தீங்களா, மேலோட்டமான ஆள்" என்பது. ஒரு அகப்பை கொடுங்கள், அவர் ஒரு அகப்பை திருப்பித் தருகிறாரா என்று பாருங்கள், பிறகு அடுத்தது. பல முறை கொடுத்தும் எதுவும் திரும்பி வராத ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடு சுகம் விசாரிப்பதோடு நின்றுகொள்ளலாம், பகை தேவையில்லை.

கடைசியாக, இதைக் கவனமாக வாசியுங்கள். முன்பு ஆட்களோடு சேர்ந்திருந்த ஒருவருக்குத் திடீரென்று எல்லோரும் போலியாகத் தெரிகிறார்களா? பிடித்தவற்றில் ஆசை போய், நித்திரையும் பசியும் குழம்பி, அது இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கிறதா? அது சமூகத்தைப் பற்றிய கருத்தாக இல்லாமல் மனச்சோர்வின் குரலாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றைக்கே அழையுங்கள். ஆட்களைப் பற்றிய முறைப்பாட்டைப் பிறகு கதைக்கலாம். முதலில் நித்திரையைச் சரிப்படுத்துவோம்.