வேருக்கு வழிவிட்டுக் கட்டும் வீடு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்ட வந்தவர்கள் அந்த மரத்தை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனால் மேடுபள்ளத்தைச் சரிக்கட்டும்போது, அடிமரத்தைச் சுற்றி இரண்டடிக்குச் செம்மண் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கினார்கள். மறு வருடம் உச்சிக் கிளைகள் காய்ந்தன. அதற்கடுத்த வருடம் மரமே பட்டுப்போனது. யாரும் கோடரி வைக்கவில்லை.

மூச்சுத் திணறித்தான் அது செத்தது. வேரும் மூச்சுவிடும், மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆழத்தில் காற்று குறைவு என்பதால், உணவும் நீரும் தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்குள்ளேயே பரவிக் கிடக்கும். பக்கவாட்டில் அவை கிளை விரிந்த எல்லையையும் தாண்டி ஓடும். அந்த மேல்மண்ணை இறுக்கினாலும், அதன்மேல் இன்னும் மண் ஏற்றினாலும், காற்றுக்கு வழி அடைபட்டுவிடும்.

பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மரங்களுக்கு நடுவே சேர்ந்து வாழ வீடு கட்டுவதென்றால், முதல் வேலை நிலத்தைச் சமப்படுத்தாமல் இருப்பதுதான். பழைய மலாய் வீட்டைப் பாருங்கள்: கல்லின் மேல் தூண், தூணின் மேல் தரை. மண்ணைத் தொடுவது சில புள்ளிகளில் மட்டும். குழி தோண்டும்போது கை அளவு தடிமனான வேர் எதிர்ப்பட்டால் தூணை அரை மீட்டர் தள்ளி வைக்கலாம். வரிசையாக ஓடும் அஸ்திவாரத்தில் அது முடியாது. வீட்டுக்கு அடியில் காற்றும் ஓடும்.

அப்புறம், மரம் திருப்பித் தருவது என்ன? மதியம் இரண்டு மணிக்கு எங்கள் லயத்தின் தகரக் கூரையில் கை வைக்க முடிந்ததில்லை. வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். பக்கத்திலேயே அதே வெயிலில் நிற்கும் ரம்புத்தான் இலையைத் தொட்டால் சுடாது. இலை தன் நுண்துளைகள் வழியாக நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு மரம் பகலில் 100 லிட்டரை வெளியேற்றினால், அது இழுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 67 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் நமக்கு நிழல்தான் முதல் லாபம். நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறோம். உச்சிவெயில் கூரைமேல் நேராக இறங்குகிறது, காலையும் மாலையும் கிழக்கு மேற்குச் சுவர்களைச் சுடுகிறது. ஆகவே வீட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். குட்டைப் பக்கங்கள்தான் வெயில் பார்க்க வேண்டும், அங்கேதான் மரமும் வேண்டும்.

தூங்குமூஞ்சியை மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்பார்கள், அதாவது அஞ்சு மணி. பொழுது சாயும்போது இலை மடியும். இலை மடிந்தால் பகலில் சேர்ந்த சூடு இரவில் வானத்துக்கு ஏற வழி கிடைக்கும்.

லயத்தில் நிலத்தைக் கையாண்ட விதம் தப்பு, ஆனால் சேர்ந்து வாழ்ந்த விதம் சரி என்பது என் எண்ணம். எல்லோர் வீட்டு முன்னாலும் ஒரே அஞ்சடி, அதாவது பொதுவான நீண்ட தாழ்வாரம். அங்கேதான் பேச்சும் பிள்ளை வளர்ப்பும். சரவாக்கில் இபான் மக்களின் நீள வீட்டிலும் அப்படியே: குடும்பத்துக்கு ஒரு 'பிலிக்' என்ற தனிப்பகுதி, எல்லோருக்கும் பொதுவாக 'ருவாய்' என்ற நீண்ட கூடம். அந்த அஞ்சடியை நேர்கோட்டிலிருந்து விடுவித்து, மூன்று நான்கு வீடுகளாக முறித்து, மரத்துக்கு மரம் வளைத்துக் கொண்டுபோகலாம். சுவரைப் பகிர்ந்தால் கட்டிடம் பிடிக்கும் நிலம் குறையும். கார்களை எல்லையிலேயே நிறுத்திவிட்டால், உள்ளே வேர்மேல் தார்ச்சாலை வேண்டாம்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 80 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,600 லிட்டர். சருகு மூடிய மண் அதைக் குடித்துவிடும், சிமெண்டுத் தளம் சாக்கடைக்கு அனுப்பிவிடும். ஆனால் கூரைத் தாழ்வாரக் குழாயில் சருகு அடைத்தால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், எனவே மரத்தடியில் குழாயே வைக்காமல் தண்ணீரைக் கூழாங்கல் பள்ளத்தில் விழவிடுவது நல்லது. எல்லா மரத்தையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், காற்றில் சுலபமாக முறியும், கூரையருகே அதற்கு இடமில்லை.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மரத்தின் கிளை விளிம்புக்கும் வெளியே முளையடித்துக் கயிறு கட்டுங்கள். கயிற்றுக்குள் லாரி ஏறக்கூடாது, செங்கல் அடுக்கக்கூடாது, சிமெண்டு கலந்த வாளியைக்கூடக் கழுவக்கூடாது. அந்தத் தண்ணீரின் காரத்தன்மை வேரைச் சுட்டுவிடும்.