பக்கத்து கவுன்சில் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?

"நாங்கள் லண்டனில் ஹாரோ கவுன்சிலில் இருக்கிறோம், பக்கத்து பிரென்ட் கவுன்சில் பள்ளிக்குப் போட முடியாதாமே?" செகண்டரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான அக்டோபர் 31 நெருங்கும்போது தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். தாராளமாகப் போடலாம். படிவத்தை மட்டும் நீங்கள் வசிக்கும் கவுன்சிலிடம் கொடுக்க வேண்டும்.

1989-ல் கிரீனிச் கவுன்சில், தன் பள்ளிகளில் தன் பகுதிப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்று முடிவெடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், லூயிஷமில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியின் தரப்பில் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சிலின் முடிவு செல்லாது என்றது. வேறு கவுன்சிலில் வசிக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ள முடியாது. இன்றும் சட்டம் அதுதான்.

ஆனால் தூரம் வேறு விஷயம். பள்ளிக்கு அருகில் இருப்பவர்களுக்கும், அங்கே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். நீங்கள் 3 மைல் தள்ளி இருந்தால் கிரீனிச் தீர்ப்பு கைகொடுக்காது. அதற்காகச் சித்தப்பா வீட்டு முகவரியைப் போடும் வேலை வேண்டாம். தெரியவந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெறலாம்.

முகவரிச் சான்று கேட்கலாம், சரி. திருமணச் சான்றிதழ் கேட்கக்கூடாது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டு அதை வைத்து முடிவெடுக்கக்கூடாது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த முடியாது. நம்மவர்கள் கேட்காமலேயே முழுக் கோப்பையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்!

இன்னொன்று. அகாடமியில், அதாவது கவுன்சிலின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளியில், யாரைச் சேர்ப்பது என்ற விதிகளை வகுப்பது அதை நடத்தும் டிரஸ்ட், கவுன்சில் அல்ல. "எங்கள் கையில் இல்லை" என்று கவுன்சில் அதிகாரி சொன்னால் பல நேரம் அது சாக்கு இல்லை, உண்மை.

இடம் மறுத்தால் அப்பீல் உண்டு. கடிதம் வந்த பிறகு குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும். கேட்பது தனிக் குழு; அது சொல்வது கவுன்சிலையும் பள்ளியையும் கட்டுப்படுத்தும். ரிசெப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் இரண்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற வரம்பு இருப்பதால் அங்கே வெல்வது கடினம். பெரும்பாலும், விதியை மீறினார்கள், மீறாதிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று காட்ட வேண்டிவரும். செகண்டரி தொடங்கும் ஏழாம் வகுப்பில் அப்படி இல்லை: இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு ஏற்படும் சிரமத்தையும் உங்கள் பிள்ளையின் தேவையையும் எடைபோட்டுப் பார்ப்பார்கள்.

அதுவரை வேறு பள்ளியில் கிடைத்த இடத்தை மறுத்துவிடாதீர்கள். அதை ஏற்றுக்கொண்டதால் அப்பீல் பலவீனமாகாது.