"நோட்டீஸ் கைக்கு வரலையே சார்!"

இந்த வாரமும் அதே கதைதான். ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், வங்கிக் கணக்கு முடங்கி, கொடுத்த செக் திரும்பிய பிறகு வருகிறார். ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தால் வரி கேட்கும் டிஆர்சி-01 நோட்டீஸ், நினைவூட்டல், விசாரணைத் தேதி, கடைசியில் வரியைக் கட்டச் சொல்லும் டிஆர்சி-07 உத்தரவு என்று எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. "தபால்ல எதுவும் வரலையே, அப்ப உத்தரவு செல்லாதுதானே?" என்கிறார்.

அப்படி நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டம் 169-வது பிரிவில், போர்ட்டலில் ஏற்றுவதும் நோட்டீஸைச் சார்வு செய்யும், அதாவது முறைப்படி உங்களிடம் சேர்க்கும், ஒரு முறைதான். பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் அப்படியே. அந்த மெயில் பல கடைகளில் எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையுடையது! பதில் வராதபோது பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலும் சும்மா இல்லை. கேட்ட வரியில் 10 சதவீதமோ 25 சதவீதமோ முதலில் கட்டு, அப்புறம் பதில் சொல் என்ற நிபந்தனையோடுதான். வக்கீல் பீஸ் தனி. நோட்டீஸுக்கு உரிய நேரத்தில் பதில் போட்டிருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம்.

"பதில் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்பவர்களுக்கு: உங்களுக்குப் பாதகமாக முடிவெடுக்கும் முன் உங்கள் தரப்பை நேரில் கேட்டாக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 75(4) பிரிவு. நோட்டீஸில் கேட்ட தொகைக்கு மேலேயோ, அதில் சொல்லாத காரணத்துக்காகவோ உத்தரவு போடக் கூடாது என்கிறது 75(7). இரண்டையும் மீறிய உத்தரவுகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். நீங்கள் எழுத்தில் பதில் கொடுத்திருந்தால்தான் அந்த மீறல் பளிச்சென்று தெரியும்.

நோட்டீஸுக்கான பதில் படிவம் டிஆர்சி-06-ல் பதில் போடும்போது நேரடி விசாரணை வேண்டுமா என்ற கேள்விக்கு 'நோ' போடாதீர்கள், தயவுசெய்து. அவகாசம் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், போனில் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இருக்காது. உத்தரவு வந்துவிட்டதா? மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். அதற்குமேல் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரமே இல்லை. மறுக்கிற வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும், அதையும் தயாராக வையுங்கள்.

மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிற அன்றே போர்ட்டலில் 'நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்', 'அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' இரண்டையும் திறந்து பாருங்கள். மெயிலையும் மொபைல் எண்ணையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கடையை மூடிப் பதிவை ரத்து செய்தவர்களுக்கும் இது பொருந்தும். பழைய வருடத்து நோட்டீஸ் அதே லாகினில்தான் வந்து விழுகிறது.