ஆட்டோஃப்ளோரசன்ஸ்: இயல்பு உடனொளிர்வு

கருப்பை வாய்ப் புற்றுநோயை முளையிலேயே ஒளியால் கண்டறிய முயலும் ஆய்வுகளில் அடிக்கடி வரும் சொல் இது. சாயம் எதுவும் ஏற்றாமல், திசு தன்னிடமுள்ள பொருள்களாலேயே ஒளிர்வதைக் குறிக்கும்.

'ஆட்டோ' என்றால் கிரேக்கத்தில் 'தான்'. 'ஃப்ளோரசன்ஸ்' 1852இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் படைத்த சொல். குவினைன் கரைசல் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுவதை ஆராய்ந்த அவர், ஃப்ளோர்ஸ்பார் கனிமத்தின் பெயரிலிருந்து இதை உருவாக்கினார். அந்தக் கனிமப் பெயருக்கோ 'பாய்தல்' என்னும் லத்தீன் வேர். உலோகத் தாது உருகி எளிதில் ஓட அதைச் சேர்ப்பார்கள். வேரில் ஒளிக்கு இடமே இல்லை!

தமிழின் 'உடனொளிர்வு' இதைவிடத் தெளிவு. கதிர் பட்ட சில நானோநொடிகளில் ஒளிர்ந்து அணைவது அது. கதிரை நிறுத்திய பின்னும் நீடிப்பது 'நின்றொளிர்வு'. சிக்கல் 'ஆட்டோ'வில்தான். 'தன்னொளிர்வு' என்றால் மின்மினிபோல வெளிக்கதிரே இல்லாமல் ஒளிர்வதாகப் படும். 'தன்னுடனொளிர்வு' என்றால் 'தன்னுடன் ஒளிர்வு' என்று பிரிந்து பொருள் கெடும். எனவே 'இயல்பு உடனொளிர்வு' பொருந்தும்.

கருப்பை வாயில் சுமார் 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் இரண்டு பொருள்கள் முக்கியமாக ஒளிரும். மேற்தோல் செல்களில் உள்ள என்ஏடிஎச் (செல்லின் ஆற்றல் உற்பத்தியில் பங்குபெறும் மூலக்கூறு) 450–460 நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிரும். மேற்தோலின் கீழுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் 400ஐ ஒட்டி ஒளிரும். புற்றுக்கு முந்தைய நிலையில் செல்களின் வளர்சிதை மாற்றம் மாறி என்ஏடிஎச் ஒளிர்வு கூடும். அடியிலுள்ள கொலாஜன் பிணைப்புகள் சிதைவதால் அதன் ஒளிர்வு குறையும். கொலாஜனின் பங்கே பெரிது. ஆகவே மொத்தத்தில் அந்த இடம் மங்கலாகத் தெரியும்.

மங்கலானதெல்லாம் நோயல்ல. இரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் 420, 540, 577 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். ஒரு துளி இரத்தம் படிந்திருந்தாலும் அளவு இறங்கிவிடும். அழற்சியால் இரத்த ஓட்டம் கூடிய இடமும் அப்படித்தான் ஏமாற்றும். சளியையும் இரத்தத்தையும் உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, அறை விளக்கை அணைத்து, கதிரைச் செலுத்தி ஒளிர்வை வாங்கும் ஒளியிழையின் முனையால் மெதுவாகத் தொட்டு அளக்க வேண்டும். முனையை அழுத்தினால் இரத்தம் விலகி அளவு பொய்யாக ஏறும். மாறுபட்ட இடம் வெளுத்துத் தெரிவதற்காகக் கருப்பை வாயில் தடவும் அசிட்டிக் அமிலம் திசுவின் ஒளிச் சிதறலை மாற்றுவதால், தடவுமுன் அளந்ததையும் தடவியபின் அளந்ததையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் கொலாஜன் ஒளிர்வு இயல்பாகவே அதிகம். இளம்பெண்களுக்கு வகுத்த எல்லையளவை அவர்களுக்கு வைத்தால் நோயிருந்தும் தப்பிவிடும். ஐயமுள்ள இடத்தில் திசுத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே நோயை உறுதிசெய்கிறார்கள்.