இடுப்பில் கை வைத்தால் தைரியம் வருமா?

நேர்காணலுக்கு முன்னால் கால்களை அகட்டி, இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் நின்றால், ஆதிக்க உணர்வோடு தொடர்புபடுத்தப்படும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கூடும், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறையும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆய்வாளர்கள் டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய யோசனை இது. 2012-இல் கடி ஆற்றிய டெட் உரை அதை உலகம் முழுக்கப் பரப்பியது.

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் 42 பேர். எவா ரானெஹில் குழு 2015-இல் 200 பேரை வைத்துச் சோதித்தபோது ஹார்மோன்கள் அசையவே இல்லை. கொஞ்சம் தெம்பாக உணர்ந்ததாக மட்டும் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டே கார்னி, இந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என வெளிப்படையாக எழுதினார். சொந்த ஆய்வைப் பற்றி இப்படிச் சொல்ல, இடுப்பில் கை வைப்பதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

சரி, அப்போது நிமிர்ந்து நிற்பது வீண்தானா? ஹார்மோனை விட்டுவிடுங்கள், எதிரே இருப்பவர் நம் நிமிர்வைக் கவனிக்கிறார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளின் படங்களை ஜெசிகா டிரேசியும் டேவிட் மட்சுமோட்டோவும் ஆராய்ந்தார்கள். வென்றவர்கள் மார்பை விரித்து, கைகளை உயர்த்தினார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் அதையேதான் செய்தார்கள். யாரையும் பார்த்துக் கற்றிருக்க முடியாதே!

எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது வேறொன்று. மேடையில் நெஞ்சு படபடக்கும்போது, அது எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். படபடப்பு நமக்குள்ளே அவ்வளவு பலமாகக் கேட்பதால், மற்றவர்களுக்கும் கேட்கும் என்று மூளை தப்புக்கணக்குப் போடுகிறது. உண்மையில் வெளியே தெரிவது மிகக் குறைவு. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள்.

குரல்தான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். பதற்றத்தில் தொண்டைத் தசைகள் இறுகி, குரல் மேலேறும். மூச்சு மேலோட்டமாகி வாக்கியம் பாதியில் நிற்கும். அதனால் பேசத் தொடங்கும் முன் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். நடுங்கும் கையை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் வாக்கியத்தை வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லுங்கள்.