கடற்பாசி வளர்ப்பு: மாற்றுத்திறனாளி தன் பெயரிலேயே மானியம் கேட்கலாம்

கடற்பாசித் திட்டத்தில் சேர மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போகிறீர்கள். "மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்" என்று சொன்னால் திரும்பி வர வேண்டாம். பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் பயனாளிகள் பட்டியல் ஒன்று இருக்கிறது. மீனவர், மீன் விற்பவர், சுய உதவிக் குழு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரோடு மாற்றுத்திறனாளிகளும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டிய இடம் மீன்வளத்துறைதான்.

2020 மே மாதம் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டம் பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. எனவே அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, திட்டம் இந்த ஆண்டும் தொடர்கிறதா, மாவட்டத்தில் கடற்பாசி இலக்கு எவ்வளவு, அது இன்னும் திறந்திருக்கிறதா என்பதே.

எவ்வளவு கிடைக்கும்?

திட்டத்தில் மூங்கில் மிதவை ஒன்றின் அலகு விலை 1,500 ரூபாய். 25 மீட்டர் கயிறு சுமார் 15 கொண்ட ஒற்றைக் கயிறு அல்லது குழாய்வலை (குழாய் போன்ற வலைக்குள் விதைப்பாசியை இடுவது) முறை என்றால் ஓர் அலகு 8,000 ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம்.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பட்டியலில் பெயர் இருக்கிறதே தவிர, மாற்றுத்திறனாளி என்பதற்காக மானிய விகிதம் கூடுவதில்லை. எடுத்துக்காட்டாக, 45 மிதவைக்கு மொத்தம் 67,500 ரூபாய். மாற்றுத்திறனாளிப் பெண் விண்ணப்பித்தால் 40,500 மானியம், கைக்காசு 27,000. பொதுப் பிரிவு ஆண் விண்ணப்பித்தால் அப்படியே தலைகீழ். "வீட்டுக்காரி பெயரில் போட்டுவிடுங்களேன்" என்று யோசனை சொல்லுவார்கள். கூடுதல் மானியம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அலகும் அவர் பெயரில், பணம் வந்து சேர்வதும் அவர் கணக்கில். உழைப்பு மட்டும் உங்களுடையது என்று ஆகிவிடாதபடி, அவரும் வேலையில் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதற்கு மேல் ஒரு பிடி தருகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் 5 விழுக்காடு ஒதுக்கீடு செய்ய வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது பிரிவு 37. மாவட்டத்துக்கு 200 அலகு என்றால் 10 அலகு. இந்தப் பிரிவின் எண்ணை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். வாயால் சொன்னால் கோப்பில் ஏறாது.

வேலை எங்கே நடக்கிறது?

"கடலில் இறங்க முடியாதவருக்கு எதற்குப் பாசி?" என்பது வழக்கமான மறுப்பு. வேலையைப் பிரித்துப் பார்த்தால் அது நிற்காது.

மிதவை என்பது 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், மூலைகளில் 4 அடி முட்டுக் கழிகள். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக மிதவைக்கு 60 கிலோ. 45 நாளில் 240 முதல் 260 கிலோ வரை வளரும். 60 கிலோவை மறு நடவுக்கு எடுத்தது போக மீதியைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ அளவு தேறும். 45 மிதவை வைத்தவர் சுழற்சியில் நாளுக்கு ஒரு மிதவை அறுத்து, அன்றே திரும்பக் கட்டுகிறார். அதாவது தினமும் 400 முடிச்சு. அத்தனையும் கரையில் உட்கார்ந்து போடுபவை. நடக்க முடியாதவரும் போடலாம், கைவிரல் தடவலில் பழகிய பார்வையற்றவரும் போடலாம்.

சேர்ந்து வேலை செய்யும் குழுவில், கடலுக்குள் இறங்கும் ஆள் வேறாக இருக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பத்து மிதவைகளைச் சேர்த்துக் கட்டி, 15 கிலோ நங்கூரம் போடுவது வழக்கம். யார் இறங்குவது, அவருக்கு எத்தனை பங்கு என்பதைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கரையில்தான். முடிச்சை இறுக்கினால் தண்டு நசுங்கி அழுகும், தளர்த்தினால் அலையில் உருவிப் போகும். விதைப்பாசி வெயிலில் கிடந்தால் வெளுத்துவிடும்; ஈரச் சாக்கு மூடி நிழலில் வைத்து, கட்டியவுடன் கடலுக்கு அனுப்ப வேண்டும். அடியில் வலை கட்டாத மிதவையை ஓரா மீன் மேய்ந்துவிடும். தண்டு வெள்ளையாகி ஒடியத் தொடங்கினால் 45 நாள் காத்திருக்காமல் அறுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணைப் பக்கம் வேலை நிற்கும், அந்த மாதங்களுக்கு வருமானம் கிடையாது என்று வைத்தே கடன் தவணையைக் கேளுங்கள்.

தரையில் காயவைத்தால் மணல் ஒட்டும், விலை குறையும். இடுப்பு உயரத்துக்குப் பரண் அடித்தால் மணலும் ஒட்டாது, குனிய முடியாதவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் கிளறிவிடலாம்.

எந்தப் பாசி, எந்த இடம்?

இயற்கைப் பாசியைத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையில் சுரண்டி எடுப்பதற்கு மாற்று என்பதுதான் வளர்ப்புக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் ராமநாதபுரத்தில் 'பெப்சி பாசி' என்று அழைக்கப்படும் கப்பாபைகஸ் வெளிநாட்டு இனம். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் அது படர்ந்து மூடியது 2008-இல் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பே, 2005-இல், இந்த இனத்தைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கத் தமிழக அரசு வரம்பு விதித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் அங்கே இடம் கேட்பதே வீண். பாக் விரிகுடாவில் 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகத்திலும் கடற்புல் மேல் மிதவை போடாதீர்கள். நிழல் விழுந்து புல் சாகும், நங்கூரம் வேரைப் பிடுங்கும். எங்கள் பரிந்துரை, கிடைக்கும் இடத்தில் உள்ளூர்க் கஞ்சிப்பாசி. விளைச்சல் மேலே சொன்ன கப்பாபைகஸ் கணக்கைவிடக் குறைவு என்றாலும் பாறைக்குக் கேடில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இனத்தையும் இடத்தையும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு விதை வாங்குங்கள்.

விண்ணப்பமும் பணமும்

ஆதார், வங்கிப் புத்தகம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இருந்தால் சாதிச் சான்று, மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை. யூடிஐடி என்னும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் 40 முதல் 80 விழுக்காட்டுக்குள், நீலம் என்றால் 80 அல்லது அதற்கு மேல். வெள்ளை என்றால் 40-க்குக் கீழ், 5 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஆதாரில் ஒரு முதலெழுத்தும் வங்கிப் புத்தகத்தில் வேறொன்றும் இருந்தால் மானியம் வந்து சேராமல் திரும்பும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மானியம் முன்பணம் அன்று. வேலையைச் செய்து காட்டி, ஆய்வுக்குப் பிறகுதான் வரும். ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள். இடைக்காலத்துக்குத் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் கடனைக் கூட்டுறவு வங்கி வழியாகக் கேட்கலாம். 50,000 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 5 லட்சம் வரை 6 விழுக்காடு வட்டி.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை இணைத்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு, அங்கும் நகராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார். அவர் பரிந்துரை அனுப்பினால் துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையை, அல்லது ஏற்காததற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும் (அதே 2016 சட்டம், பிரிவு 81).

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இதே திட்டத்தில் மீனவர் குழு விபத்துக் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. மிதவைக்கு இறங்கும் ஆளின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பருவத்தைத் தொடங்குங்கள்.